ஆமினா பீவியின் கண்வலிப்பூ

கோயமுத்தூர் கணபதியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் ஆமினா பீவியிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் சொன்ன தேதிக்குக் கிடைக்காது. ஆனால் ஒரு தடவை அவர் தைத்ததைப் போட்டவர்கள் வேறு கடைக்குப் போகமாட்டார்கள். திட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் சலுகை கிடையாது.

இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் தைத்தவர் தனக்கென்று ஆசைப்பட்டது ஒரே ஒரு கொடிக்குத்தான். மேட்டுப்பாளையம் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து வேலியோரம் செங்காந்தளைப் பார்த்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் அதைக் கண்வலிப்பூ என்போம். பார்த்தாலே கண்ணில் வலி வரும் என்று யாரும் வீட்டில் வைப்பதில்லை. பீவி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விதைக்காக அதைப் பயிர் செய்கிற மூலனூர் விவசாயி ஒருவரிடம் கிழங்கு வாங்கி வந்துவிட்டார்.

முதல் வருஷம் கொடி வந்தது, பூக்காமலே காய்ந்தது. கொடி காய்ந்தபின் கிழங்கு மண்ணுக்குள் தூங்கும்; கோடை முடியும்வரை தண்ணீரே காட்டக் கூடாது. பீவியோ, பாவம் தாகமாக இருக்கும் என்று காலையும் மாலையும் சிறுவாணித் தண்ணீரை ஊற்றினார். சிறுவாணித் தண்ணீர் என்றால் கோயமுத்தூர்க்காரர்களுக்கு மருந்து மாதிரி. தோண்டிப் பார்த்தபோது கிழங்கு அழுகிக் கூழாகியிருந்தது. அன்று தையல் மிஷின் ஓடவில்லை. பீவி உட்கார்ந்து அழுதார்.

மறுபடி மூலனூர் போனார். இந்தத் தடவை செம்மண்ணில் மணலும் மக்கிய இலையும் கலந்து, வாசலில் தண்ணீர் தேங்காத தொட்டியில், முளை உடையாமல் கிழங்கைப் படுக்க வைத்தார். அது விஷக்கிழங்கு என்பதால் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். குழந்தைகள் கை வைக்காமல் இருக்கத் தொட்டியைச் சுற்றிக் கம்பிவலை கட்டினார். ஆனி மழைக்கு முளை வந்தது. இலை நுனிகள் சுருண்டு வலையைப் பிடித்துக்கொண்டு ஏறின. தீபாவளி நெருங்கும்போது மொட்டு விட்டது.

அந்த நேரம் பார்த்து லைன் வீட்டில் மெட்ராஸ் ஐ பரவியது. முதலில் கண் சிவந்தது எதிர்வீட்டு வெங்கடம்மாளுக்கு. "எல்லாம் அந்தக் கொடியாலதான்" என்று அவர் லைன் வீட்டின் சொந்தக்காரர் லட்சுமணசாமிக்குப் போன் போட்டுவிட்டார். பீளமேட்டிலிருந்து அவர் வந்து நின்றார்.

"புடுங்கிப்போடுங்க அம்மணி. நான் ஒரு கல்யாணத்துக்குப் பவானி வரைக்கும் போறேன். திரும்பி வாரப்ப இது இருக்கக் கூடாது."

"ஏனுங்க, இன்னும் பூவே பூக்கலீங்களே! பூக்காத பூவை யாருங்க பாத்தா?"

"மொட்டும் பூவுதானுங்க."

பீவிக்கு முகம் சிவந்தது. "சரிங்க. பூக்கட்டும். எதிர்க்கவே மிஷினப் போட்டு உக்காந்துக்கறேன். என் கண்ணு சிவந்தா நானே புடுங்கிப்போடறேன்."

தீபாவளித் துணி மலையாகக் குவிந்து கிடக்கிற நேரத்தில் தையல்காரி கண்ணைப் பணயம் வைக்கலாமா? லட்சுமணசாமியும் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அவர் பவானிக்குப் போன மறுநாள் முதல் பூ விரிந்தது. பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்து, இதழ்கள் நெளிந்து மேல்நோக்கி வளைந்தன. அடுப்பில் தீ பிடித்தது போல இருந்தது. பீவி எதிரே உட்கார்ந்து தைத்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கள் விரிந்தன. லைன் வீட்டில் ஒருவரும் பூவைப் பார்க்கவில்லை. எல்லோரும் பீவியின் கண்ணைத்தான் பார்த்தார்கள். குணமாகிவிட்ட வெங்கடம்மாள் தினமும் வந்து இமையை விரித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். பீவி வெளியில் உட்கார்ந்திருந்ததால் ஆள் மாற்றி ஆள் துணியைக் கேட்டு நச்சரித்ததில், சரித்திரத்தில் முதல்முறையாக என் பிளவுஸ் சொன்ன தேதிக்கு வந்தது.

பீவியின் கண் பளிச்சென்று இருந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

தீபாவளிக்கு முந்தின நாள் வாசலில் ஆட்டோ நின்றது. லட்சுமணசாமி இறங்கினார். முகத்தில் கறுப்புக் கண்ணாடி. அதற்குக் கீழே கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பீவி மிஷினை நிறுத்தினார். "ஏனுங்க, பவானியில கண்வலிப்பூ இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க அம்மணி. கல்யாண வீட்ல எல்லாத்துக்குமே கண்ணுவலி." அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "கொடி இருந்துட்டுப் போகட்டுங்க. எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கறேன்."

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு தொட்டியை நோக்கி வந்தார். பீவி எழுந்து குறுக்கே கையை நீட்டினார்.

"அங்கயே நில்லுங்க. கிட்ட வந்தீங்கன்னா என் பூவுக்குக் கண்வலி வந்துரும்."