மேசைக் காலுக்கு முட்டு

சாலையில் காலடிச் சத்தம் கேட்டால் போதும். அட்ராக்டா ஃபீனியின் இடது கை புத்தகத்தை மெத்தைக்கு அடியில் செருகும். வலது கை அதற்குள் பின்னல் ஊசியை எடுத்திருக்கும். நிறுத்திய வரி உதட்டிலேயே நிற்கும். ஆள் தாண்டிப் போனதும் அதே வரியில் தொடங்குவாள். பின்னிக்கொண்டிருந்த காலுறை இரண்டு குளிர்காலமாகக் கணுக்காலைத் தாண்டவில்லை.

எதிரே உட்கார்ந்து கேட்பவள் பக்கத்து வீட்டு ஹனோரா டான்சி. கண்ணில் புரை. புத்தகம் அவள் மகன் ஃபின்டன் எழுதியது. லண்டன் பத்திரிகைகள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின; அயர்லாந்து அரசு புத்தகத்தைத் தடை செய்தது; ஸ்லைகோவின் இந்தச் சின்ன ஊரில் பங்குச் சாமியார் லவெல், அதைத் தொட்ட கை விளங்காது என்று பீடத்தின் முன் நின்று சபித்தார். அன்று கோவிலில் ஹனோரா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கேக் டப்பாவுக்குள் ஒளிந்து வந்த பிரதி இது ஒன்றுதான்.

அட்ராக்டாவுக்கு இழக்க ஒரு வேலை இருந்தது. ஊர் நூலகம் அவள் பொறுப்பு. நூலகக் குழுவின் தலைவர் அதே சாமியார். உலகம் படிக்கும் அயர்லாந்து எழுத்தாளர்களில் பாதிப் பேர் அவள் அலமாரியில் இல்லை. இருந்தவர்கள் செத்து வெகுகாலம் ஆனவர்கள். அவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. பக்கத்து ஊரில் இப்படிப் பிடிபட்ட ஆசிரியை அந்த வாரமே பெட்டியோடு கப்பலேறினாள். புருஷன் மலாக்கியிடம்கூட அட்ராக்டா மூச்சுவிடவில்லை.

அந்த வசந்தத்தில், வீடு வீடாக முறை வைத்து நடக்கும் பூசை அட்ராக்டா வீட்டு முறையாக வந்தது. சாமியார் வருவார், அடுப்படி மேசைதான் பீடம், தெரு முழுக்க உள்ளே முழங்காலிடும். முதல் நாளே மெத்தையைத் தட்டிப் போட அண்டைப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முந்திக்கொண்டு, பழுப்புத்தாள் சுற்றி நூல் கட்டிய புத்தகத்தை மாவுத் தொட்டியின் அடியில் புதைத்தாள்.

காலையில் கோழிக்கூண்டிலிருந்து முட்டையோடு திரும்பியபோது தொட்டியில் மாவு பாதிக்குக் கீழே போயிருந்தது. கையை விட்டுத் துழாவினாள். இல்லை.

“என்ன புள்ள தேடுற, மோதிரமா?” என்றாள் எதிர்வீட்டு டீலியா, ரொட்டி பிசைந்தபடி.

“ஒண்ணுமில்லக்கா.”

“மூஞ்சி மாவைவிட வெளுத்திருக்கு. சாமியார்தான வர்றாரு, சாவா வருது?”

ஹனோரா அடுப்போரம் உட்கார்ந்து கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பூசை தொடங்கியது. வழக்கம்போல யாரோ காய்ச்சல்காரப் பிள்ளையின் சட்டையைப் பீடத்துணிக்கு அடியில் செருகியிருந்தார்கள்; பூசை பட்டால் பீடை கழியும். அந்தத் துணியின் தொங்கலைப் பார்த்த அட்ராக்டாவின் கண் கீழே இறங்கியது. மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் பழுப்புத்தாள். நூல் முடிச்சில் மாவு.

மலாக்கி. கைக்கு அகப்பட்டதை எடுத்து முட்டுக் கொடுத்திருக்கிறான்.

சாமியார் முழங்காலிட்ட ஒவ்வொரு முறையும் அவர் கண் தாளுக்குச் சாண் தூரத்தில் வந்து போனது. பாரம் தாங்காமல் தாளின் மூலை பிளந்து நீல அட்டை எட்டிப் பார்த்தது. மணி அடித்தது, எல்லாத் தலையும் குனிந்தது. அவள் தலை குனியவில்லை. ஆண்டவரே, இவர் முட்டியைப் பிடித்துக்கொள்ளும், வலி வரட்டும், இனிக் குனியவே வேண்டாம்.

முடிந்ததும் சாமியார் மேசையை அமுக்கிப் பார்த்தார்.

“போன தடவை பர்க் வீட்டுல மேசை ஆடி மெழுகுவத்தியே சாஞ்சுது. இது மலையாட்டம் நிக்குதே! என்னடா முட்டுக் குடுத்த, மலாக்கி?”

“கைக்குக் கெடச்சது ஏதோ, சாமி.”

சாமியார் குனியத் தொடங்கினார். 

“சாமி, முட்டை ஆறுது,” என்றாள் ஹனோரா. “ஆறுனதத் தின்னுட்டு, வயித்துவலி வந்தா அடுத்த ஞாயித்துக்கெழமை எங்களத்தான் திட்டுவீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தபடி நிமிர்ந்து போனார்.

எல்லோரும் போனதும் அட்ராக்டா புத்தகத்தை உருவினாள். மேசைக் காலின் தடம் அட்டையைத் தாண்டிப் பக்கங்களிலும் பதிந்திருந்தது. மலாக்கியிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அன்று மாலையே புத்தகத்தை ஹனோராவிடம் கொண்டுபோனாள்.

“இனி என்னால முடியாதும்மா. பயமா இருக்கு.”

ஹனோரா அந்தப் பள்ளத்தை விரலால் தடவினாள். “இனி என்னத்துக்குப் பயம்? படி புள்ள.”

அட்ராக்டா படித்தாள். பயம் மட்டும் போகவில்லை. சாலையில் சத்தம் கேட்டால் கை ஊசிக்குப் போனது.

ஹனோராவைப் புதைத்து வந்த அன்றுதான் டீலியா சொன்னாள். மலாக்கி முட்டுக் கொடுத்தது ஒரு பலகைக்கல்தானாம். ரொட்டிக்கு மாவு அள்ளப் போன ஹனோரா, தொட்டியிலிருந்து கையை எடுத்தபோது அதில் புத்தகம் இருந்ததாம். மேசைக்கடியில் தவழ்ந்துபோய்க் கல்லை உருவிவிட்டு அதை வைத்தாளாம்.

“என்ன பண்றன்னு கேட்டேன். சாபம் போட்ட வாயாலேயே எம்புள்ளைக்குப் பூசை வெக்கட்டும்னா.”