மேலதிகாரிக்குக் கொடுக்காத பெயர்

குசானோ எதையும் மூன்று முறை சரிபார்க்கும் போலீஸ்காரன். பதின்மூன்று வருடத்தில், தொலைந்துபோன ஒரு குடைக்குக்கூட அவன் தப்பாக ரசீது எழுதியதில்லை. அந்தக் குணமே காதலில் அவனுக்கு எமனாக வந்தது.

அந்த ஊர்ப் போலீஸில் ஒரு விதி: யாரையாவது காதலித்தால் தாளில் பெயர் எழுதி மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அதுவரை ஒன்றாக நூடுல்ஸ் சாப்பிடக்கூடப் பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும். போக்குவரத்துப் பிரிவுப் போலீஸ்காரி சுமிரேயோடு அவன் இரண்டு வருடமாக அப்படித்தான் போய்வந்தான். எப்போது பெயரைக் கொடுக்கப்போகிறான் என்று அவளும் கேட்டு அலுத்தாள்.

"சார்ஜென்ட் பரீட்சை தேறட்டும், கௌரவமா கொடுத்துடலாம்" என்பான். பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தான்.

விஷயம் தெரிந்தவன் காஜி ஒருவன்தான். குசானோவிடம் வேலை பழகியவன். "அவசரப்படாதீங்கண்ணே, மேலதிகாரி நொட்டை சொல்வாரு" என்று அவன்தான் யோசனை சொன்னான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை!

வசந்தத்தில் காஜிக்குப் போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றல் வந்தது. சுமிரேயின் ரோந்து வண்டியில் அவனுக்கு இடம். அதிலிருந்து அவள் குசானோவுக்கு அனுப்பும் பதில்கள் சுருங்கின. குசானோ ஸ்டேஷன் வாசலில் தலைகாட்டினால் வண்டிக்குள் சிரிப்பு நின்றது.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, பரீட்சையாவது மண்ணாவது என்று அவள் பெயரைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மேலதிகாரி மினோபே முன்னால் போய் நின்றான்.

மினோபே படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சுமிரேயா? காஜி போன புதன்கிழமையே அவ பேரை எழுதிக் கொடுத்துட்டானேப்பா."

"அவன் பொய் சொல்றான் சார்!"

"அவ தாளும் கூடவே வந்துச்சு. நானே கூப்பிட்டுக் கேட்டேன். சந்தோஷமாத்தான் இருந்தா." தாளை அவன் பக்கம் தள்ளினார். "இதை நான் பாக்கலைன்னு வச்சுக்கறேன். போ."

படிக்கட்டில் சுமிரே எதிரே வந்தாள். குசானோ தாளை நீட்டினான்.

"கொடுக்கத்தானே போனேன்!"

அவள் வாங்கிப் படித்தாள். கண் கலங்கியது. "எப்ப எழுதினீங்க?"

"இன்னிக்குக் காலைல."

"எதுக்கு? நான் வேணும்னு எழுதினீங்களா, இல்ல காஜிக்குக் கிடைச்சிடக் கூடாதுன்னா?"

குசானோ யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.