படத்தில் விழாத வெடிப்பு

இலங்கையில் புளத்கொகுபிட்டிய பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். கேமராவை ஆட்டோ மோடிலிருந்து மாற்றி, லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து பின்னணியை மங்கலாக்க அப்போதுதான் பழகியிருந்தேன். மழையில் வெடித்த தன் லயத்து வீட்டுச் சுவரைத் தோட்ட நிர்வாகியான துரைக்குக் காட்டிச் சரிசெய்யக் கேட்க வேண்டுமென்று, கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் படம் கேட்டார். அவரைச் சுவர் முன்னால் நிறுத்தி, கண்களுக்கு ஃபோகஸ் வைத்தேன்.

பிரிண்டைப் பார்த்தவர், "என்னைய அழகாத்தான் புடிச்சிருக்கீங்க சார். செவுத்து வெடிப்பு எங்கங்க?" என்றார்.

அது பனியாய்க் கரைந்திருந்தது. துரையும் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி எடுத்துத்தராமல், நான் அதையே போட்டிக்கு அனுப்பினேன். பரிசும் வாங்கிச் சிரித்தேன். அந்த மழைக்காலம் முழுக்க அந்தப் பெண் தன் பிள்ளைகளோடு அந்தச் சுவரோரம்தான் படுத்தார்.