ஹெல்மெட்டோடு போட்ட கோலம்

அந்த வருடம் கார்த்திகை தீபத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது, வானத்திலிருந்து ராக்கெட் துண்டு ஒன்று விழப்போகிறது என்று டிவியில் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கே விழும் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. என் கணவரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுபவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு செய்தி பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவர். படத்தில் காட்டிய வளைந்த கோடு நம்ம ஊர் மேலேதான் போகிறது என்று அவர் அடித்துச் சொன்னார். தெருவும் நம்பிவிட்டது.

தலைக்கு மேலே ஆபத்து இருப்பது திருவண்ணாமலைக்கு என்ன புதுசா? குரங்குகள் மாடித் தொட்டியின் மூடியைக் கழற்றித் தெருவில் போடும். மழைக்காற்றில் ஃப்ளெக்ஸ் பேனர் சட்டத்தோடு சாயும். கேபிள் வயர் கழுத்தளவுக்குத் தொங்கும். இதற்கெல்லாம் குனிந்து விலகி, நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போகிற ஜனம், ராக்கெட் என்றதும் அண்ணாந்து பார்த்தபடியே நடந்து ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வீடு கிரிவலப் பாதைக்குப் போகும் தெருவின் முனையில் இருக்கிறது. வாசல் சந்துப் பக்கம். தெருவைப் பார்த்தாற்போல் ஜன்னல்கள் வைத்த நீளச் சுவர், அதன் மேலே சுவர் நீளத்துக்கும் ஓர் அகலமான சன்ஷேடு. தீபத்தன்று சுவரோரம் வந்து உட்காரும் வெளியூர்க்காரர்களை நாங்கள் எழுப்புவதில்லை. மலையைப் பார்க்க மாடிக்கு வருகிறவர்களையும் வேண்டாம் என்பதில்லை. இந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் ஓரகத்தி, அதாவது மாமாவின் மனைவி, அவருடைய தங்கை குடும்பமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வருடா வருடம் வந்துவிடும். அந்த வருடம் தங்கைக்குக் கைக்குழந்தை வேறு.

தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமா சட்டம் போட்டார். "இந்த வாட்டி ஒருத்தரும் மாடிக்குப் போகக் கூடாது. எல்லாரும் சன்ஷேடு கீழ நில்லுங்க. தீபம் ஏறுனதும் ரெண்டடி வெளிய வந்து கும்பிட்டுட்டு உள்ள பூந்துக்கலாம். மேலேர்ந்து எது வந்தாலும் ஒரு மறைப்பு இருக்கும்."

மறுநாள் காலை மழை விட்டதும் சுவரோரம் பெருக்கப் போன ஓரகத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்ட் பெயர்வை எடுத்துக்கொண்டு வந்தார். அதன் ஒரு பக்கம் துருவேறிச் சிவந்திருந்தது. அன்றைக்கே மேஸ்திரியை வரவழைத்துக் காட்டினார். அவர் கீழே நின்று பார்த்துவிட்டு, அவசரமாகத் தள்ளி நின்றுகொண்டார்.

"உள்ள கம்பி துருப் பூத்துப்போச்சுங்க. மாடி கெட்டியா இருக்கு, பயமில்ல. சன்ஷேடு மட்டும் இடிச்சிட்டுத்தான் கட்டணும். தீபம் முடியட்டும், இப்ப ஆளே கிடைக்காது. முட்டுக் குடுக்கலாம்னா சவுக்குக் கட்டை எல்லாம் பந்தலுக்குப் போயிடுச்சு."

"அதுவரைக்கும் நிக்குமா?"

"நிக்கவும் நிக்கும். இப்பவே வுழவும் வுழும்."

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "ராக்கெட்டே வுழுதுன்றான், நீ சுண்ணாம்பு உதிருதுன்னு வந்து நிக்கிற. அது எங்கப்பா கட்டுனது."

என் ஓரகத்திக்குச் சண்டை போடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே போடுவார், என்னோடும் போட்டிருக்கிறார். எங்கே சண்டை வேலைக்கு ஆகாது என்பதும் அவருக்குத் தெரியும். சமையற்கட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கயிறு கட்டிவிடலாமே என்றேன்.

"போலீஸ் தடுப்புக் கட்டையவே தாண்டுற ஜனம். கயிறத் தூக்கிட்டு உள்ள வந்து உக்காந்துக்கும். இடிஞ்சி வுழும்னு சொல்லலாம்னா, நல்ல நாள்ல, சாமி பாக்க வந்தவங்ககிட்ட எப்படிடி வாயத் தொறந்து சொல்றது?" என்றார். "நாளைக்கு என் தங்கச்சி கொழந்தையத் தூக்கிட்டு வந்து அங்கதான் பாய் விரிப்பா."

தீபத்தன்று விடிந்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓரகத்தி என் கணவரின் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, சன்ஷேடுக்குக் கீழே குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். சின்னக் கோலம் இல்லை. சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, சன்ஷேடின் அகலத்தையும் தாண்டித் தெரு வரைக்கும். ஓர் ஆள் உட்காரக்கூட இடம் விடவில்லை. எதிர்க்கடை பாய் ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாங்கக்கா, ராக்கெட் இன்னைக்குத்தானா?"

"ஆமா பாய். நீங்களும் ஒண்ணு மாட்டிக்கோங்க."

தெருவே சிரித்தது. ஓரகத்தி அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு, வேகவேகமாகப் புள்ளி வைத்தார். சன்ஷேடு வந்தால் ஹெல்மெட்டா தாங்கும் என்று ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டேன். "சின்னத் துண்டு தாங்கும். பெருச பத்திக் கேக்காத, போயி அகல் விளக்கக் கழுவு" என்றார். கழுவிக் கொடுத்தேன். கோலம் முழுக்க அகல்களை வைத்து, எண்ணெய் ஊற்றித் திரியும் போட்டார். எங்கள் ஊரில் மலையில் தீபம் ஏறும் வரை வீட்டில் ஏற்ற மாட்டோம். ஆகவே நாள் முழுக்க அந்த விளக்குகள் ஏற்றாமலே காத்திருந்தன.

அன்றைக்கு நான் பார்த்ததை இன்றும் மறக்க முடியவில்லை. காலையிலிருந்து ஜனம் வந்தது. மூட்டையை இறக்கப் போனவர்கள் கோலத்தைப் பார்த்ததும் மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டார்கள். குழந்தைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். பாய் விரிக்கப் போன ஓர் அம்மாள், "தெரியாம கால வெச்சிட்டேனே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். எந்த அதிகாரியும் செய்ய முடியாததை, ஒரு கிண்ணம் கோலமாவு செய்துகொண்டிருந்தது. என்ன மூளை இந்தப் பெண்ணுக்கு என்று எனக்கு அவர் மேல் அப்படியொரு பெருமை பொங்கியது.

சாயங்காலம் ஓரகத்தி தங்கை குடும்பத்தை நேரே மாடிக்கு ஏற்றிவிட்டார். மாமா குறுக்கே வந்தார். ஓரகத்தி விடவில்லை.

"ஏங்க, இவ்ளோ பெரிய உலகத்துல ராக்கெட் துண்டு நம்ம மாடியத் தேடி வர்றதுக்கு, அதுக்கு என்ன இங்க வேண்டுதலா? வுழறது வுழட்டும். வாங்க."

மாமா குடையோடு மேலே வந்தார்.

மலையுச்சியில் தீ எழும்பியது. ஊர் முழுக்க அரோகரா. எல்லோரும் கைகூப்பி நிற்கும்போது என் ஓரகத்தி மட்டும் கீழே ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஒட்டடைக் கொம்பின் நுனியில் எண்ணெய்த் திரியைக் கட்டி, தெரு நடுவில் நின்று, அந்தக் கொம்பை நீட்டி ஒவ்வோர் அகலாக ஏற்றினார். வெளியூர்க்காரர்கள் வட்டமாக நின்று பயபக்தியோடு பார்த்தார்கள். ஒருவர் கேட்டார், "இது எந்த ஊரு வழக்கம்மா?"

"எங்க வீட்டு வழக்கம்ங்க" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

தீபத் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு மேஸ்திரி வந்தார். யாரும் கிட்டே வராமல் தடுக்கத் தெருவில் ஆட்களை நிறுத்திவிட்டு, ஏணியை ஓரமாகச் சாய்த்து, நீளக் கடப்பாரையால் ஒரே ஓர் இடத்தில் நெம்பினார். சன்ஷேடு பாதிக்கு மேல் மொத்தமாகக் கீழே வந்தது. தூசி அடங்கியதும் பார்த்தோம். மிச்சமிருந்த கோலத்தின் மேல், வருடா வருடம் தங்கை பாய் விரிக்கும் ஜன்னலடியில், ஆள் நீளத்துக்கு ஒரு சிமெண்ட் பாளம் கிடந்தது.

மாமா குனிந்து அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். துரு விரலோடு வந்தது.

"ஏங்க, அந்த ராக்கெட் இன்னா ஆச்சு?" என்று ஓரகத்தி கேட்டார்.

"கடல்ல வுழுந்துடுச்சாம்" என்றார் மாமா.

ஓரகத்தி உள்ளே வந்து தங்கைக்குப் போன் போட்டார். நடந்ததை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பாப்பா இன்னா பண்றா?"

தூங்குகிறாள் என்று பதில் வந்தது எனக்கும் கேட்டது.

"சரி, தூங்கட்டும்" என்று போனை வைத்தார். மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். நான் டம்ளர்களைக் கழுவிக் கொடுத்தேன்.