சித்தப்பா இறங்கிய நாள்

எங்கள் மலையில் சாமி ஆடினவர்கள் உண்டு, சாமியைப் பார்த்தேன் என்று புளுகினவர்களும் உண்டு. நிஜமாகவே பார்த்தவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு எட்டு வயது. அந்தச் சாமி என் அப்பாவின் தம்பி, விமானப் படையில் பைலட்.

ஜவ்வாது மலையை விட்டுக் கீழே இறங்கிப் படித்து, அங்கிருந்து நேராக ஆகாயத்துக்கு ஏறிப்போனவர் எங்கள் ஊரில் சித்தப்பா மட்டும்தான். லீவில் வரும்போது அடிவாரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே மேலே வருவார். "ஆகாசத்துல போறவன் இன்னாத்துக்குடா நடந்து வர்ற?" என்று அப்பா கிண்டல் செய்வார். கல்யாணமான வருஷம் சித்தியிடம் ஒரு ரகசியம் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற ரகசியம்தான். ஒருநாள் நம் மலைக்கு மேலே பறந்து வருவேன். மேலேயிருந்து பார்த்தால் எல்லா மலையும் ஒன்றுபோலத் தெரியும். உன் கல்யாணச் சிவப்புப் புடவையைப் பாறையில் விரித்து வை, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்றார். சித்தி முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் அவர் பிறகு கடிதத்தில் எழுதிய நாளில் விடியும் முன்பே புடவையோடு பாறை ஏறிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வந்தாரே! சத்தத்துக்கு முன்னால் விமானம் வந்தது, சத்தம் அதைத் துரத்திக்கொண்டு பின்னால் வந்தது. ஆடுகள் திசைக்கொன்றாகத் தெறித்தன. சாமைக் கொல்லையில் நின்ற அப்பா, அவ்வளவு பெரிய மனுஷர், கையிலிருந்த கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சித்தியும் நானும் மட்டும் நின்றபடி பார்த்தோம். வெள்ளியாய் மின்னிக்கொண்டு வந்தது, சிவப்புப் புடவைக்கு நேர் மேலே இறக்கையை இப்படியும் அப்படியும் சாய்த்தது, மலை முகட்டைத் தாண்டி மறைந்துவிட்டது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது அடங்கச் சாயங்காலம் ஆயிற்று. எனக்குத் தலை சீவிவிட்ட கை, என்னிடமிருந்து நெல்லிக்காய் பிடுங்கித் தின்ற கை, அந்தப் பூதத்தை ஓட்டிக்கொண்டு போகிறது என்றால் நம்பத்தான் முடியுமா? அன்றைக்கே அவரைச் சாமியாக்கிவிட்டேன்.

பிறகு பங்களாதேஷ் போர் வந்தது. எங்களுக்கு அது ரேடியோவில் வந்தது, ரேடியோவிலேயே முடிந்தும் போனது. முடிந்த சில நாளில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி நம்மூர்ப் பக்கத்துக்காரர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம், "போன விமானம் திரும்பி வந்து எறங்கலைங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லை எங்கள் ஆட்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். செத்தவர் என்றால் செய்ய முறை இருக்கிறது. மேளம், ஒப்பாரி, கருமாதி எல்லாம் உண்டு. இன்னும் இறங்காதவருக்கு என்ன செய்வது? பூசாரியே கையை விரித்துவிட்டார். வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை. சித்தி பொட்டும் பூவுமாக இருந்தாள், யாரும் எதுவும் கேட்கவில்லை. தினமும் விடிந்ததும் பாறைக்குப் போய்ச் சிவப்புப் புடவையை விரிப்பாள். நாலு மூலையிலும் கல் வைப்பது என் வேலை. பொழுது சாய்ந்ததும் மடித்து எடுத்து வருவோம். எனக்கு இதில் துக்கமே இல்லை, பெருமைதான். வேறு யாருடைய சித்தப்பாவால் இத்தனை நாள் ஆகாயத்தில் சுற்ற முடியும்? "பெட்ரோல் தீந்து போவாதா?" என்று கேட்ட பையனைப் பள்ளிக்கூடத்தில் கிள்ளி வைத்தேன்.

அடுத்த ஆடியில் அப்பா கல் நடுவது என்று முடிவு செய்தார். சண்டையில் செத்தவனுக்குக் கல் நடுவது எங்கள் பக்கத்தில் காலங்காலமாக இருக்கிற வழக்கம். வில்லும் கத்தியுமாக ஆள் செதுக்கிய கற்கள் கொல்லைகளில் நிற்கும். வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுவோம். ஆனால் கட்டினவள் முதல் சொம்புத் தண்ணீர் ஊற்றினால்தான் கல்லில் சாமி இறங்கும் என்பது எங்கள் வீட்டு முறை. "எறங்காதவருக்கு இன்னாத்துக்கு மாமா கல்லு?" என்று கேட்டுவிட்டாள் சித்தி. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆனாலும் சந்தவாசல் ஊரிலிருந்து அம்மி கொத்துகிறவர் வந்தார். கரித்துண்டால் கல்லில் ஆளை வரைந்தார், கையில் ஒரு கத்தியையும் கொடுத்தார். கத்தியில்லாமல் வீரனை எப்படிக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. விமானத்தை அவர் பக்கத்தில் பார்த்ததே இல்லை. நான்தான் இரண்டு கையையும் விரித்து ஓடிக் காட்டினேன். கல்லில் வௌவால் மாதிரி ஒன்று வந்தது. "மூக்கு மேல பாக்கணுமாங்க, கீழ பாக்கணுமா?" என்றார். "மேலதான்!" என்று எல்லோரும் சொன்னார்கள். என் குரல்தான் உரக்கக் கேட்டது.

சித்தி பாறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு ஆடிக் காற்று புடவையை இரண்டாகக் கிழித்திருந்தது. வெயிலில் அது ஏற்கெனவே வெளிறிப் போயிருந்தது. கிழிசலைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டு, கரிக்கோட்டையே வெகு நேரம் பார்த்தாள்.

"மூக்க கீழ வைங்க."

"இன்னாம்மா சொல்றீங்க?"

"எம்மாம் நாளு மேலயே சுத்துவாரு? அசந்து பூட்டிருப்பாரு. எறங்கட்டும்."

அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கல்காரர் உள்ளங்கையால் விமானத்தை அழித்துவிட்டு மூக்கைக் கீழே வைத்து வரைந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏறுகிற வீரனை இறக்கி வைக்கிறாளே, இவளுக்கு என்ன தெரியும் என்று அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

கல் நட்ட அன்று சித்தி முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு அந்தச் சிவப்புக் கிழிசலைக் கல்லின் இடுப்பில் சுற்றி முடிந்தாள். கோபம் போகாமலே கேட்டேன், "அப்ப இனிமே பாறையில விரிக்கலையா சித்தி?"

"வேணாம் பாப்பா. அதான் எறங்கிட்டாரே."

ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! எடுத்தேன் ஓட்டம். "சித்தப்பா எறங்கிட்டாரு! சித்தப்பா எறங்கிட்டாரு!" என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டு ஓடினேன். பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, அப்படியே தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அதற்கடுத்த வீட்டிலும் அழுகை, அதற்கும் அடுத்த வீட்டிலும். ஜீப் வந்த நாளில் எழாத ஒப்பாரி அன்று ஊர் முழுக்க எழுந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன், இவர்களுக்கென்ன கேடு என்று நினைத்தேன். அழுகிறவர்கள் அழட்டும் என்று விட்டுவிட்டு, ஊர்க்கோடிக்குப் போய் மலைப்பாதையின் வளைவைப் பார்த்தபடி நின்றேன். இறங்கிவிட்டார் என்றால், இனி அடிவாரத்திலிருந்து நடந்துதானே மேலே வரவேண்டும்?