சுற்றுகிற ஃபேனும் தாசன் அண்ணையும்

தாசன் அண்ணை போய்விட்டார்.

தேவாலயத்துக்குக் காலைப் பூசைக்கு வெளிக்கிட்டவர், சப்பாத்துப் போடக் கதிரையில் இருந்தபடியே... மாரடைப்பாம். நித்திரையாக்கும் என்று நினைத்து அவர் மனைவி றீற்றா அக்கா இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார்.

போன் வந்தபோது நான் சுன்னாகத்தில் எங்கள் கராஜைத் திறந்துகொண்டிருந்தேன். நடுவில் அந்தப் பழைய அமெரிக்கக் கார், எட்டுச் சிலிண்டர், பொனட் திறந்தபடி.

நேற்றுப் பின்னேரம் நாங்கள் இருவரும் அதுக்கு ரைமிங் வைத்துப் பாதியில் விட்டிருந்தோம். எஞ்சின் சூடேறிவிட்டது, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று அவர்தான் சொன்னார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சாவை நினைத்து மட்டுமில்லை. அந்த எஞ்சினுக்குள் இனி அவர் இல்லாமல் கை வைக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிளக் எந்த நேரத்தில் பொறி விட வேண்டும் என்று சரிபார்த்து வைப்பதுதான் ரைமிங். ஒருவர் ரைமிங் லைற்றைப் பிடிக்க, மற்றவர் ஓடுகிற எஞ்சினுக்குள் குனிந்து, பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரை மயிரிழை அளவுக்குத் திருப்ப வேண்டும். லைற் அவரிடம், டிஸ்ரிபியூட்டர் என்னிடம்.

கதவைப் பாதி சாத்தி இருட்டாக்கிவிட்டுத்தான் பார்ப்போம். பொறி விழ விழ லைற் மின்னும், அந்த மின்னலில் எஞ்சினோடு சுற்றுகிற சில்லில் உள்ள அடையாளக் கோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும்.

கோடு மட்டும் என்றால் பரவாயில்லை. முன்னால் சுற்றுகிற ஃபேனும் நிற்பதுபோலத்தான் தெரியும்...

சில வருடங்களுக்கு முன் ஒருநாள், கை துடைக்கிற துணி ஒன்று உள்ளே சரிந்தது. எடுக்கக் கையை நீட்டினேன். ஃபேன் தகடு ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது, ஒன்றில் இருந்த துருக்கறள்கூடத் தெரிந்தது.

தாசன் அண்ணை லைற்றை நிலத்தில் போட்டுவிட்டு என் இடுப்புப் பெல்ற்றைப் பிடித்து இழுத்தார். லைற் விழுந்து அணைந்ததுதான் தாமதம், ஃபேன் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம்.

அவர் என்னை ஏசவில்லை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு நிலத்தில் குந்திவிட்டார்.

அடுத்த நாள் ஒரு சட்டம் போட்டார்.

"குனியமுன்னம் இடக்கை பின்னாலை பெல்ற்றுக்குள்ளை போகவேணும். பிறகு ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவேணும், சுத்துது எண்டு. கண்ணை நம்பாதை, சிவா."

அன்றிலிருந்து அப்படித்தான். தலை நரைத்த இரண்டு பேர் பொனட்டுக்குள் பார்த்து "சுத்துது", "சுத்துது" என்று சொல்வதைக் கேட்டு வாறவர் போறவர் எல்லாம் சிரித்தார்கள். எஞ்சினுக்கு மந்திரம் ஓதுகிறீர்களோ என்று கேட்டார்கள், பயந்தாங்கொள்ளி என்று அவருக்குப் பட்டமும் வைத்தார்கள். அவர் ஒன்றையும் கணக்கெடுக்கவில்லை.

இந்தக் காரின் சொந்தக்காரர் கனடாவிலிருந்து வந்தவர். ஊர் ரோட்டிலும் ஓட வேண்டும், தெற்கில் நடக்கிற கால் மைல் போட்டியிலும் ஓட வேண்டும். வேகம் கூடும் என்று ரைமிங்கை இன்னும் முன்னுக்குத் தள்ளச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றார்.

கூடத் தள்ளினால் எங்கள் பெற்றோலுக்கு எஞ்சின் உள்ளுக்குள் டக்டக்கென்று தட்டும், பிஸ்டனே ஓட்டையாகிவிடும். தாசன் அண்ணை சொல்லிப் பார்த்தார், மனுசன் கேட்கவில்லை.

சரியென்று கொஞ்சம் தள்ளிவைத்து, போன கிழமை வட்டுக்கோட்டைப் பக்கம் வயல் நடுவே போகிற நேர் ரோட்டுக்குக் கொண்டுபோனோம். நான் அக்சிலேற்றரை அமத்தினேன்... கார் பாய்ந்த பாய்ச்சலில் முதுகு சீற்றோடு ஒட்டிவிட்டது.

பக்கத்தில் தாசன் அண்ணை, கையில் செபமாலை, கண்ணை இறுக்கி மூடியபடி. செபம் சொல்கிறீர்களோ என்று பகிடியாகக் கேட்டேன்.

"செபம் வீட்டிலை சொல்லியாச்சு. எஞ்சின் தட்டுதோ எண்டு கேக்கிறன். கதையாதை."

தட்டத்தான் செய்தது. பழையபடி பின்னுக்குக் கொண்டுவந்து, சரியான இடத்தைத் தேடிக்கொண்டிருந்ததுதான் நேற்றைய வேலை.

மத்தியானம் கார்க்காரர் போன் எடுத்து அனுதாபம் சொன்னார். பிறகு, நாளை மறுநாள் காரை முடித்துத் தர முடியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

பின்னேரம் குருநகரில் அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டியை விறாந்தையில் வைத்திருந்தார்கள், பூசைக்குப் போட்ட அதே வெள்ளைச் சேட்டு.

முகம் பார்க்கக் குனிந்தபோது என் இடக்கை தன்பாட்டில் பின்னால் போய்ப் பெல்ற்றுக்குள் நுழைந்துவிட்டது. 'சுத்துது' என்ற அந்தச் சொல்லும் நாக்கு நுனி வரை வந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை...

றீற்றா அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எழும்பி வந்து அந்தக் கையை வெளியே இழுத்தார். இரண்டு கையையும் விரித்துப் பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தார்.

"வேலையாலை வந்து சேட்டைக் கழட்டமுன்னம் இதைத்தான் தம்பி சொல்லுவார். 'இண்டைக்கும் சிவான்ரை கைக்கு ஒண்டுமில்லை' எண்டு. நேற்றும் சொன்னவர்."

இவ்வளவு காலமும் அவர் லைற் பிடிக்கிற தன் கையை நினைத்துத்தான் பயப்படுகிறார் என்று நினைத்திருந்தேன்.

நாளைக்குப் பின்னேரம் கோயிலில் பூசை, பிறகு சேமக்காலையில் அடக்கம். அதுக்குப் பிறகு ஒருநாள் லைற்றைப் பிடிக்க ஒரு ஆள் தேட வேண்டும். வருகிறவர் அந்தச் சொல்லைச் சிரிக்காமல் சொல்வாரோ தெரியாது.

பயமாக் கிடக்குது, அண்ணை.

கை பின்னாலைதான் வச்சிருப்பன். நீங்கள் போயிட்டு வாங்கோ.