மஞ்சள் பூசிய வான்கோழி

வான்கோழி வந்து இறங்கிய அன்று மோகனா அதை இரண்டு கைகளாலும் தூக்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள். பனியில் இறுகிப்போயிருந்தது. தட்டினால் சத்தம் வந்தது.

“நல்லா வளர்ந்த பிள்ளைதான்,” என்றாள்.

டவுனில் உறைந்த இறைச்சி விற்கும் உமர், வேன் கதவைச் சாத்தியபடி கேட்டான். “கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்குலா. இப்பவே எதுக்குக்கா?”

“பாறாங்கல்லக் கொண்டாந்து குடுத்துட்டு எதுக்குன்னு கேக்குறியா? இது இளகி மனுசனுக்கு வழிவிடவே நாலு நாள் ஆகும். போ, போய் வேலயப் பாரு.”

உமர் சிரித்துக்கொண்டே போனான். மோகனா கோழியைப் பெரிய தட்டில் வைத்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் தள்ளினாள்.

மலைச் சரிவின் உச்சியில், தேயிலைக்கு நடுவே இருக்கிறது அந்தப் பங்களா. ஒரு காலத்தில் தோட்டத் துரை குடியிருந்த வீடு. இப்போது விருந்தினர் தங்குகிறார்கள். மோகனா பிறந்தது கீழே தெரியும் தொழிலாளர் லயத்தில். இளவயதில் கொழுந்து பறித்தாள். கத்தரிக்கோல் இயந்திரம் வந்து, பறிக்கும் கைகள் குறைந்தபோது, பாத்திரம் கழுவ மேலே ஏறி வந்தாள். கழுவிக்கொண்டிருந்தவள் காய் வெட்டினாள். வெட்டிக்கொண்டிருந்தவள் வேலையாட்களுக்குச் சாம்பார் வைத்தாள். பழைய சமையல்காரர் ஈப்போ நகருக்குப் போய் மகளோடு தங்கிவிட்ட பிறகு, காலைப் பலகாரத்திலிருந்து இரவுச் சூப்பு வரை அவள் கைதான். யாரும் அவளைச் சமையல்காரி ஆக்கவில்லை. அவளாகவே அடுப்பின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

ஆனால் கிறிஸ்மஸ் அன்று மட்டும் அடுப்பு அவளுடையதாக இருக்காது. டவுன் ஓட்டலிலிருந்து உயரத் தொப்பி போட்ட ஒருவர் வருவார். வந்ததும் உருளைக்கிழங்குக் கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளுவார். அவள் உட்கார்ந்து உரிப்பாள்.

உரிக்கிறவளுக்குக் கண் சும்மா இருக்குமா? போன வருடம் அவர் வான்கோழியை அன்றைக்குக் காலையில்தான் அடுப்பில் ஏற்றினார். உள்ளே வைத்துச் சுடும் அடுப்பு ஒன்றே ஒன்று. கோழி உள்ளே இருந்தவரை மற்ற எதுவும் உள்ளே போக முடியவில்லை. மதிய விருந்து மாலைத் தேநீர் நேரத்துக்கு வந்தது. நெஞ்சுக்கறி பஞ்சாய்க் காய்ந்திருந்தது. பிள்ளைகள் அழுது, சமையலறையில் மீ கோரேங் நூடுல்ஸ் கிளறச் சொல்லிச் சாப்பிட்டார்கள். கிளறியது மோகனா.

இந்த வருடம் அவள் மேனேஜர் நாகரத்தினத்திடம் நேராகச் சொன்னாள். “தம்பி, அந்தத் தொப்பிக்காரர இந்தத் தடவ கூப்பிடாதீங்க. நானே செய்யிறேன்.”

நாகரத்தினமும் அதே லயத்துப் பிள்ளைதான். அவளைவிடச் சின்னவன். விருந்தினர் முன்னால் அவள் அவனை ‘சார்’ என்பாள், சமையலறைக்குள் ‘தம்பி’.

“அக்கா, ஒளிக்காம சொல்லிடுறேன். புது வருசத்துலேருந்து அவரையே நிரந்தரமா போடலாம்னு முதலாளி யோசிக்கிறார். இந்த விருந்து நல்லா வந்தா நான் பேசுவேன், சமையலறை உங்க பொறுப்புலயே இருக்கும். வரலன்னா என் வாய் எடுபடாது.”

“உங்க வாய்க்கு வேல வைக்க மாட்டேன்,” என்றாள் மோகனா.

அவள் திட்டம் எளிது. கோழியை இளக விடுவது. உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவது. விருந்துக்கு முந்தின நாளே சுட்டு, துண்டுபோட்டு, சாறு ஊற்றி மூடி வைத்துவிடுவது. விருந்தன்று சூடு காட்டினால் போதும். அடுப்பு மற்றதுக்கெல்லாம் சும்மா இருக்கும்.

இருபத்திரண்டாம் தேதி மாலை, பெரிய வாளியில் உப்பும் கொஞ்சம் சீனியும் கரைத்து, ஆரஞ்சுத் தோல், மிளகு, பக்கத்துத் திரிங்காப் ஊர்த் தோட்டத்திலிருந்து வாங்கிய ரோஸ்மேரி இலைக் கொத்து எல்லாம் போட்டுக் கோழியை முக்கினாள். வாளியைக் குளிரறையில் வைத்தாள்.

மறுநாள் விடியற்காலை மாரியம்மன் கோயிலில் மார்கழி பஜனை. ஒவ்வொரு மார்கழியும் அவள் தவறாமல் போவாள். அந்த மாதம் முழுக்கக் கவுச்சி தொடமாட்டாள். தொடமாட்டாள் என்றால் வாயில் வைக்கமாட்டாள். கையால் தொடுவது தொழில். மார்கழியில் ருசி பார்ப்பது உதவிக்கு இருக்கும் குமுதாவின் நாக்கு. அடுத்த லயத்துப் பெண், கல்யாணமாகி வந்தவள். சமையலில் வேகம் போதாது. நாக்கு மட்டும் சுத்தம்.

பஜனை முடிந்து, நெற்றியில் திருநீறும் கையில் சுண்டல் பொட்டலமுமாக மோகனா படியேறி வந்தபோது, குமுதா வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, உங்களுக்கு ஒரு வேல மிச்சம்.”

“என்னடி செஞ்ச?”

“யாரோ கோழிய அழுக்குத் தண்ணியில போட்டு வச்சிருந்தாங்க. இலையும் தோலும் மெதக்குது. குப்பத்தொட்டி மாதிரி! எல்லாத்தையும் கொட்டிட்டு மூணு தண்ணி விட்டுக் கழுவிட்டேன். மஞ்சள் நல்லா போட்டுத் தேச்சேன், உள்ள வரைக்கும். மோந்து பாருங்க, கவுச்சியே இல்ல.”

மேசைமேல் வான்கோழி உட்கார்ந்திருந்தது. திருமணத்துக்கு முந்தின நாள் நலங்கு வைத்த பெண்போல, தலை இல்லாத குறையைத் தவிர. கழுத்தடியிலிருந்து காலிடுக்குவரை மஞ்சள்.

மோகனா சுண்டலைக் கீழே வைத்தாள். திட்டுவதற்கு வாய் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. அவள் வீட்டில் மட்டும் என்ன, எந்த வீட்டில் கோழி மஞ்சள் இல்லாமல் சட்டிக்குப் போகிறது? இது உப்புத்தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனது யார்?

“அழுக்குத் தண்ணி இல்லடி. நான் ஊற வச்சது.”

குமுதாவின் முகம் செத்தது. “ஐயோ… இப்ப என்னக்கா பண்றது?”

அதற்குள் நாகரத்தினம் வந்துவிட்டான். கோழியைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். மறுபடி கோழியைப் பார்த்தான்.

“அக்கா, என்ன இது?”

“மஞ்சள்.”

“அது தெரியுது. இதயா மேசையில வைக்கப் போறோம்? லூர்துநாதன் குடும்பம் வருசா வருசம் கிறிஸ்மஸ் விருந்துக்கு வர்றாங்க. போன தடவயே மூஞ்சியத் தூக்கிட்டுப் போனாங்க.” அவன் கைபேசியை எடுத்தான். “உமர்கிட்ட வேற இல்ல, எனக்குத் தெரியும். ஓட்டல்காரர் ஒண்ணு உபரியா வச்சிருப்பார். அவரையே கூப்பிட்டுடுறேன்.”

குமுதா அழத் தயாரானாள். மோகனா நிதானமாகக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்தாள்.

“கூப்பிடுங்க தம்பி. ஆனா அவர் வந்தா உருளக்கெழங்க அவரே உரிச்சுக்கட்டும். நான் பஜனைக்குப் போறேன்.”

நாகரத்தினத்தின் விரல் நின்றது.

“இல்லன்னா அஞ்சு நிமிசம் அந்த முக்காலியில உக்காருங்க.”

அவன் உட்கார்ந்தான். அவள் சிறகின் நுனியை வெட்டி, ஒரு துண்டு கழுத்துக்கறியும் சேர்த்து, வெண்ணெயில் போட்டாள். பூண்டு தட்டிப் போட்டு மூடி வைத்து, அடுப்பருகே காதைக் கொடுத்து நின்றாள். முதலில் பச்சை மஞ்சளின் வாடை எழுந்தது. அவள் அசையவில்லை. வெண்ணெய் பொரியும் சத்தம் மெலிந்தபோது வாடை மாறியிருந்தது. தட்டில் எடுத்து இரண்டு பேர் முன்னாலும் வைத்தாள்.

“எனக்கு மார்கழி. நீங்க ரெண்டு பேருந்தான் சொல்லணும்.”

நாகரத்தினம் மென்றான். தட்டில் இன்னொரு துண்டு இருக்கிறதா என்று பார்த்தான்.

“மஞ்சள் தெரியலக்கா,” என்றாள் குமுதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நல்லாதான் இருக்கு. ஆனா உப்பு பத்தல.”

“எப்படிப் பத்தும்? நீதானே கொட்டுன.” மோகனா கோழியை இழுத்தாள். “கைபேசிய உள்ள வைங்க தம்பி. இன்னிக்கு இருபத்திமூணுதான். தப்பு செய்யவும் நேரம் இருக்கு, திருத்தவும் நேரம் இருக்கு. இதுக்குத்தான் முன்னாலயே ஆரம்பிச்சேன்.”

கோழியைத் துணியால் ஒற்றி எடுத்து, தோலிலும் உள்ளேயும் உப்பைத் தடவி, மூடாமல் குளிர்பெட்டியில் வைத்தாள். மறுநாள் காலைக்குள் தோல் காகிதம்போல் காய்ந்திருந்தது. தோலுக்கும் கறிக்கும் நடுவே விரலை விட்டு வெண்ணெயும் பூண்டும் ரோஸ்மேரியும் திணித்தாள். நெஞ்சு கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுப்பில் ஏற்றினாள். வெளியே மழை பிடித்திருந்தது. தேயிலை மறைந்து, ஜன்னல் முழுக்க வெள்ளை. குமுதா அடிக்கடி வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள்.

“பார்த்தா வெந்துடுமா? போய் வெங்காயம் வெட்டு.”

வெளியே எடுத்தபோது குமுதா சத்தம் போட்டே விட்டாள். மஞ்சள் போயிருந்தது. அல்லது போகாமல் நிறம் மாறி, தோல் முழுக்க ஒரே சீராகச் செம்பொன்னாய்ப் பளபளத்தது. கடைக் கோழிக்கும் ஓட்டல் கோழிக்கும் வராத நிறம்.

ஆறவிட்டு, மோகனா கத்தியை எடுத்தாள். நெஞ்சை எலும்பிலிருந்து கழற்றி, குறுக்காகத் துண்டுபோட்டாள். காலைப் பிரித்தாள். துண்டுகளை வரிசையாகத் தட்டில் அடுக்கி, சாறு ஊற்றி இறுக்க மூடிக் குளிர்பெட்டிக்கு அனுப்பினாள். எலும்புகள் வெங்காயத்தோடு வறுபட்டு, கொதித்து, குழம்பாகின. நிறம் வெளிறி இருந்ததால் கொஞ்சம் கறுப்புச் சோயாக் கிச்சாப் விட்டாள். கரண்டியை நீட்டினாள். குமுதா நாக்கில் வைத்து, கூரையைப் பார்த்து யோசித்தாள்.

“இன்னும் ஒரு சிட்டிகக்கா. அவ்வளவுதான்.”

மோகனா ஒரு சிட்டிகை போட்டாள்.

விருந்தன்று எல்லாம் நேரத்துக்கு மேசைக்குப் போயின. ஒன்று மட்டும் மோகனாவுக்குத் தெரியாது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் விருந்து அறையை எங்கே பார்த்தாள்? லூர்துநாதன் ஒவ்வொரு வருடமும் வீட்டிலிருந்து தன் சொந்தக் கத்தியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். எழுந்து நின்று, முழுக் கோழியைத் தன் கையால் அறுப்பது அவர் வழக்கம்.

தட்டு வந்தது. அவர் கத்தியோடு எழுந்தார். அறுக்க ஒன்றும் இல்லை. வாசலில் நின்ற நாகரத்தினம் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“யார் வெட்டினது?” என்றார் லூர்துநாதன்.

“நான்தாங்க,” என்றாள் தட்டைக் கொண்டுவந்த மோகனா. “நேத்தே சுட்டு வெட்டி வச்சேன். நீங்க நின்னு வெட்டி எல்லாருக்கும் போடுறதுக்குள்ள மலைக் குளிர்ல ஆறிப்போயிடும். சூடா சாப்பிடட்டும்னு செஞ்சேன். வெட்டணும்னா கேக் இருக்கு. அதுல நான் கத்தி வைக்கல.”

அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். “உக்காருங்க. போன வருசம் நீங்க வெட்டி முடிக்கிறதுக்குள்ள பிள்ளைங்க பாதி தூங்கிடுச்சி.”

மேசையே சிரித்தது. லூர்துநாதன் கத்தியைப் பெட்டியில் வைத்து உட்கார்ந்தார். கொஞ்சம் விறைப்பாகத்தான் ஒரு துண்டை எடுத்தார். மென்றார். குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டார். பிறகு தட்டுகளின் சத்தம்தான்.

“என்னமோ ஒரு வாசனை,” என்றார் கடைசியில். “ஓட்டல் மாதிரி இல்ல.”

“மஞ்சள்,” என்றார் மனைவி. “நம்ம வீட்டுல மாதிரி கழுவியிருக்காங்க. இல்லம்மா?”

கதவுக்குப் பின்னால் குமுதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆமாங்க,” என்றாள் மோகனா. “எங்க சமையலறையில மஞ்சள் பார்க்காம எந்தக் கோழியும் அடுப்புக்குப் போகாது.”

அந்த அம்மாள் மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகத் தப்பாவ் கட்டித் தரச் சொன்னார். மீதி இல்லை.

மாலையில் மோகனா சோறும் சாம்பாருமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே குமுதா, ஒளித்து வைத்திருந்த ஒரு சிறகைக் கடித்தாள்.

“இனிமே எதையும் கொட்ட மாட்டேன்க்கா.”

“கொட்டு. கேட்டுட்டுக் கொட்டு.”

நாகரத்தினம் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தான். “முதலாளிகிட்ட பேசிட்டேன். தொப்பிக்காரர் இனிமே வர மாட்டார், சமையலறை உங்க பொறுப்புதான். புது வருசத்துக்கு இதவிடப் பெரிய கூட்டம்க்கா. இதே கோழி வேணுமாம், இதே நிறத்துல.”

மோகனா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். “அப்ப ஒண்ணு பத்தாது, ரெண்டு சொல்லுங்க. உமர நாளைக்கே கொண்டாரச் சொல்லுங்க.”

“வேற?”

“உருளக்கெழங்கு உரிக்க ஒரு ஆள் வேணும்.”